மூன்றாம் இடத்து வீரர்

இன்று பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சில நாட்களுக்கு முன்னர் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "முதலாவதாக வந்தவர்களைப் பற்றிப் பேசவே நேரம் போதாது, மூன்றாவதாக வந்தவரைப் பற்றியா பேசப்போகிறீர்?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வரலாறு கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நானும் கரும்பலகையில் வென்றவர்களின் பெயர்களையே மிகுதியாக எழுதிப்போட்டவன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, பழைய சைக்கிள் பந்தயங்களின் வரலாற்றைப் பொழுதுபோக்காகப் படிக்கத் தொடங்கியபோது, ஒரு மனிதர் என் மனத்தை விட்டு அகலாமல் நின்றுவிட்டார். அவர் போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த ஜோவாக்கிம் அகோஸ்தின்யோ. உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்தில் இருமுறை மூன்றாம் இடம் பெற்றவர். அந்த மூன்றாம் இடத்தின் மதிப்பு என்ன என்பதை நேயர்களோடு சேர்ந்து எண்ணிப்பார்க்க விரும்புகிறேன்.

போர்த்துக்கல் என்றதும் நம் நினைவுக்கு வரும் நிகழ்ச்சிகள் இரண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது ஒன்று. 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தது மற்றொன்று. அந்நாட்டை ஒரு பேரரசின் கதையாகவே நாம் அறிந்திருக்கிறோம். பேரரசுக்குச் சொந்தக்காரர்கள் என்று சொல்லப்பட்ட மக்கள், தங்கள் கிராமங்களில் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை நாம் அதிகம் கேட்டதில்லை. அகோஸ்தின்யோவின் வாழ்வு அந்தக் கிராமங்களில் ஒன்றில் தொடங்குகிறது.

லிஸ்பன் நகருக்கு வடக்கே தோரஸ் வெத்ரஸ் என்றோர் ஊர் உண்டு. நெப்போலியனின் படையைத் தடுத்து நிறுத்துவதற்காகப் பின்னாளில் வெல்லிங்டன் கோமகன் எனப் பெயர் பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி கட்டுவித்த அரண்வரிசைக்கு அவ்வூரின் பெயரே வழங்குகிறது. 1810இல் பிரெஞ்சுப் படை அந்த அரண்களின் முன்னே வந்து நின்று, மேலே செல்ல வழியின்றித் திரும்பியது. அந்த வட்டாரத்தில் பிரெஜென்ஜஸ் என்னும் சிற்றூரில், 1943 ஏப்ரல் 7ஆம் நாள், ஓர் எளிய உழவர் குடும்பத்தில் அகோஸ்தின்யோ பிறந்தார். மண்வெட்டியும் மாடுகளுமே அவர் இளமையில் பழகியவை. பந்தயச் சைக்கிள் என்பது அவர் கனவிலும் இருந்திராது.

அந்நாளில் போர்த்துக்கல்லை ஆண்டவர் சலசார். 1932 முதல் 1968 வரை அவரே பிரதமர். ஐரோப்பாவின் மற்ற நாடுகள் தங்கள் குடியேற்ற நாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், அவர் மட்டும் விடுவதில்லை என்று உறுதி கொண்டிருந்தார். 1961இல் அங்கோலாவில் விடுதலைப் போர் மூண்டது. 1963இல் கினியாவில் மூண்டது. 1964இல் மொசாம்பிக்கில் மூண்டது. சிறிய நாடு ஒன்று மூன்று போர்களை ஒரே காலத்தில் நடத்தியது. அதற்கு வேண்டிய ஆட்களைக் கிராமங்களே தந்தன. இருபது வயது நிரம்பிய இளைஞர்களைக் கட்டாயப் படைப்பணிக்கு அழைத்துக் கப்பலேற்றினர். வறுமைக்கு அஞ்சியும் இந்தப் போருக்கு அஞ்சியும் பல இலட்சம் பேர் எல்லை கடந்து பிரான்சுக்குச் சென்று, கட்டட வேலையிலும் தொழிற்சாலைகளிலும் அமர்ந்தனர். அகோஸ்தின்யோ ஓடவில்லை. அழைப்பு வந்தது, சென்றார். மூன்று ஆண்டுகள் மொசாம்பிக்கில் போர்வீரராக இருந்தார்.

அங்கேதான் ஒரு வியப்பு நிகழ்ந்தது என்று சொல்வார்கள். ஒரு முகாமிலிருந்து மற்றொரு முகாமுக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேலை அவருக்குக் கிடைத்தது. கனத்த சைக்கிளில், கரடுமுரடான பாதையில், மற்றவர்கள் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும் தொலைவை அவர் பாதிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுவாராம். இதனைப் படைத்தலைவர் கவனித்தாராம். வீரர்களைப் பற்றிய இத்தகைய கதைகள் சொல்லச் சொல்லச் சற்று வளர்வது இயல்பு. ஆயினும் இதன் உட்பொருளை ஐயுற வேண்டியதில்லை. பின்னர் நடந்தவை அதற்குச் சான்று.

படையிலிருந்து திரும்பிய அவரை, அதே வட்டாரத்துச் சைக்கிள் வீரரான ஜோவாவ் ரோக்கே கண்டார். போர்த்துக்கல் நாட்டைச் சுற்றிவரும் பந்தயத்தை 1963இல் வென்றவர் ரோக்கே. அவர் முயற்சியால் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகம் அகோஸ்தின்யோவைச் சேர்த்துக்கொண்டது. அப்போது ஆண்டு 1968. அவருக்கு வயது 25. அந்த ஆண்டிலேயே தேசியப் பட்டத்தை வென்றார். அதனைத் தொடர்ந்து 1973 வரை ஆறு ஆண்டுகள் அந்தப் பட்டத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

25 வயது என்பது நமக்கு இளமையாகத் தோன்றும். சைக்கிள் பந்தயத்தில் அது தொடங்கும் வயதன்று. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் இத்தாலியிலும் சிறுவர்கள் பதினைந்து, பதினாறு வயதிலேயே பந்தயங்களில் இறங்கிவிடுவார்கள். அக்காலத்தின் ஒப்பற்ற வீரரான பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், அகோஸ்தின்யோவை விட இரண்டு வயது இளையவர். அகோஸ்தின்யோ முதன்முதலாகப் பந்தயச் சைக்கிளில் ஏறி அமர்ந்த காலத்தில், மெர்க்ஸ் உலகப் பட்டத்தையும் இத்தாலியைச் சுற்றிவரும் பந்தயத்தையும் வென்று முடித்திருந்தார். ஒருவர் அரிச்சுவடியைக் கையில் எடுக்கும்போது மற்றவர் பட்டம் பெற்றுவிட்ட கதை இது.

இந்தத் தாமதத்தின் பொருளை உணர்வதற்குப் பந்தயத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பந்தயத்துக்கு டூர் டி பிரான்ஸ் என்று பெயர். 1903இல் தொடங்கியது. மூன்று வார காலம், இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்களாக, சமவெளியிலும் மலையிலும் நடக்கும். நாள்தோறும் ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தைக் கூட்டி வருவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவரே முதல்வர். அவர் மஞ்சள் சட்டை அணிவார். நான் பல ஆண்டுகள் நாள்தோறும் சைக்கிளில் பள்ளிக்குச் சென்றவன். எதிர்க்காற்று வீசும் நாளில், முன்னே செல்லும் பார வண்டியின் மறைவில் ஒதுங்கி மிதித்தால் கால்களுக்கு எவ்வளவு ஆறுதல் கிடைக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பந்தயத்திலும் அதுவே அடிப்படை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டியபடி, கூட்டமாகச் செல்வார்கள். உள்ளே இருப்பவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியே இருக்கும். அந்த நெருக்கத்தில் விழாமல் செல்லும் வித்தை இளமையில் படிய வேண்டியது. அகோஸ்தின்யோவுக்கு அது முழுமையாகப் படியவே இல்லை. தமது வாழ்நாள் முழுவதும் அவர் அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்து ஏறிக்கொண்டே இருந்தார்.

1968இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோவில் நடந்த ஒரு பந்தயத்தில், பிரெஞ்சு அணி நிர்வாகி ழான் தெ கிரிபால்தி அவரைக் கண்டார். பிறர் கைவிட்டவர்களையும் பிறர் கண்ணில் படாதவர்களையும் தேடிப்பிடித்து வீரர்களாக்குவதில் பெயர் பெற்றவர் கிரிபால்தி. பருத்த தோள்களும் திரண்ட கால்களும் கொண்ட அந்த உழவரைத் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார். 1969இல் அகோஸ்தின்யோ தமது முதல் டூரில் இறங்கினார். அதுவே மெர்க்ஸுக்கும் முதல் டூர். மெர்க்ஸ் மற்றவர்களை வெகுதூரம் பின்னே விட்டு வென்றார். பெயர் தெரியாத போர்த்துக்கீசியர் இரண்டு கட்டங்களை வென்று, இறுதியில் எட்டாம் இடம் பெற்றார். சைக்கிள் பந்தயம் தொடங்கி ஓராண்டே ஆன ஒருவர் இவ்வாறு செய்வதை ஐரோப்பா அதற்கு முன் அதிகம் கண்டதில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில் அவர் பிரான்சின் சாலைகளில் நிலையான பெயர் ஆனார். தாய்நாட்டைச் சுற்றிவரும் பந்தயத்தை 1970, 1971, 1972 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றார். 1971 டூரில் ஐந்தாம் இடம் பெற்றார். அந்த ஆண்டு ஜூலை 8ஆம் நாள், கிரெனோபிளிலிருந்து ஓர்சியேர் மெர்லெட் என்னும் மலையூருக்குச் சென்ற கட்டத்தைச் சைக்கிள் பந்தய வரலாற்றாசிரியர்கள் இன்றும் மறப்பதில்லை. ஸ்பெயினின் லூயிஸ் ஒக்கானா அன்று மெர்க்ஸை ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்னுக்குத் தள்ளினார். புகழ் ஒக்கானாவுக்குச் சென்றது, அது முறையே. ஆனால் லாஃப்ரே ஏற்றத்தில் முதலில் பாய்ந்து, மெர்க்ஸுக்கு மூச்சு வாங்க வைத்தவர் அகோஸ்தின்யோ. தீயை மூட்டியவரும் அதில் குளிர்காய்ந்தவரும் வேறு வேறு ஆவது உலகத்தில் புதிதன்று.

பிரான்சின் சாலையோரங்களில் அவரைக் காண ஒரு தனிக்கூட்டம் நின்றது. நான் முன்பு குறிப்பிட்ட குடிபெயர்ந்த தொழிலாளர்களே அவர்கள். பாரிஸ் நகரின் ஓரங்களில் தகரக் குடிசைகளில் வாழ்ந்து, பிறர் வீடுகளைக் கட்டித் தந்தவர்கள். பிரெஞ்சு நாளேடுகளில் தங்கள் இனத்தவர் பெயர் மதிப்போடு அச்சாவதை அவர்கள் அதற்குமுன் அரிதாகவே பார்த்திருப்பார்கள். தங்களைப் போலவே மண்ணிலிருந்து வந்த ஒருவர், தங்களைப் போலவே வேற்று நாட்டு முதலாளியிடம் கூலிக்கு உழைக்கும் ஒருவர், மலைமேல் முன்னே செல்கிறார். அவர் எத்தனையாவது இடத்தில் வந்தார் என்பதா அவர்களுக்கு முதன்மை? அவர் அங்கே இருந்தார் என்பதே முதன்மை.

இனி 1974ஆம் ஆண்டுக்கு வருவோம். ஸ்பெயினைச் சுற்றிவரும் பந்தயம் அந்த ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அல்மெரியா நகரில் தொடங்கியது. பந்தயம் தொடங்கி இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 25ஆம் நாள் விடியற்காலையில், லிஸ்பனில் இளம் படையதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தனர். ஆப்பிரிக்கப் போர்களில் சலித்துப்போனவர்கள் அவர்கள். மக்கள் தெருவுக்கு வந்து, வீரர்களின் துப்பாக்கி முனைகளில் செந்நிறக் கார்னேஷன் மலர்களைச் செருகினர். நாற்பத்தெட்டு ஆண்டுச் சர்வாதிகாரம் ஏறத்தாழ ஒரே நாளில் முடிந்தது. அகோஸ்தின்யோவின் இளமையில் மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொண்ட போரும் அதனால் முடிவை நெருங்கியது. 1975 ஜூனில் மொசாம்பிக் விடுதலை பெற்றது. தாய்நாடு புதிதாகப் பிறந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அவர் அயல்நாட்டுச் சாலையில் மிதித்துக்கொண்டிருந்தார்.

அப்பந்தயம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவு. மே 12ஆம் நாள் சான் செபஸ்தியான் நகரில் முடிந்தது. கடைசியாக நடந்தது தனித்தனியே நேரம் குறித்து ஓட்டும் பகுதி. அங்கே கூட்டம் இல்லை, மறைவு இல்லை, தந்திரம் இல்லை. தம் கால்களே துணை. அகோஸ்தின்யோவின் வலிமைக்கு ஏற்ற களம் அது. அவர் அந்தப் பகுதியை வென்றார். முன்னணியில் இருந்த ஸ்பெயினின் ஹோசே மனுவேல் ஃபுவெந்தே, மலையேற்றத்தில் வல்லவராயினும் இத்தகைய ஓட்டத்தில் வலுக்குறைந்தவர். அவருடைய முன்னிலை நிமிடங்களிலிருந்து விநாடிகளாகக் கரைந்தது. கணக்குப் பார்த்தபோது, ஃபுவெந்தே வென்றிருந்தார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 11 விநாடி.

எண்பது மணி நேரத்துக்கும் மேலாக மிதித்த பின் 11 விநாடி! நான் இந்தச் சொற்றொடரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. ஒரு திருப்பத்தில் சற்றே துணிந்திருந்தால், ஒருநாள் கூட்டத்தின் முன்பகுதியில் இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணுவது எளிது. ஆனால் சிறுவயதில் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைகள் இந்தப் பதினொரு விநாடிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. எப்போது ஒதுங்குவது, எப்போது பாய்வது, யார் பின்னே இருப்பது என்ற நுட்பங்களை மற்றவர்கள் பதினாறு வயதில் கற்றார்கள். அகோஸ்தின்யோ அவற்றைப் பிழைகளின் வாயிலாகவே கற்றார்.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது மகிழ்ச்சி தருவதன்று. ஆயினும் அதனை விட்டுவிட்டால் இது வரலாறு ஆகாது. வெறும் புகழ்மாலை ஆகிவிடும். அகோஸ்தின்யோ ஊக்கமருந்துச் சோதனையில் மூன்று முறை பிடிபட்டார். 1969இலும் 1973இலும் போர்த்துக்கல் சுற்றுப் பந்தயத்தில் முதலாவதாக வந்தும், அந்த வெற்றிகள் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. 1977 டூரில் சேந்த் எத்தியேன் நகரில் முடிந்த கட்டத்தில் அவர் முதலில் வந்தார். சோதனையில் தவறினார். இரண்டாவதாக வந்தவரும் தவறினார். ஆகவே அந்தக் கட்டத்துக்கு வெற்றியாளர் இல்லை என்றே ஏடுகளில் எழுதிவைத்தார்கள்.

அக்காலத்தின் சூழ்நிலையையும் கருத வேண்டும். 1966இல்தான் டூரில் முதன்முதலாகச் சோதனை நடைபெற்றது. அடுத்த ஆண்டு, 1967இல், இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன் வோந்து மலைச்சரிவில் மருந்தின் துணையோடு மிதித்து, வெயிலிலேயே விழுந்து மாண்டார். அதன் பின்னும் வழக்கம் ஒழியவில்லை. மெர்க்ஸும் பிடிபட்டார், வேறு பலரும் பிடிபட்டார்கள். பலரும் செய்தார்கள் என்பதால் தவறு தவறில்லாமல் போய்விடாது. அதேபோல், ஒருவர் தவறினார் என்பதால் அவர் பதினைந்து ஆண்டுகள் பட்ட பாடெல்லாம் இல்லாமல் போய்விடாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதுதான் நம் கடமை.

1978இல் மெர்க்ஸ் தமது 32ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அவரை விட மூத்த அகோஸ்தின்யோ அந்த ஆண்டில்தான் தமது வாழ்வின் உச்சியை அடைந்தார் என்பது எண்ணத்தக்கது. அவருடைய அணித் தோழர் மிஷேல் போலன்டியே அந்த ஆண்டு ஆல்ப் துயெஸ் மலையுச்சியில் வென்று மஞ்சள் சட்டையைப் பெற்றார். சற்று நேரத்தில், சோதனையில் வேறொருவரின் சிறுநீரைக் கொடுத்து ஏமாற்ற முயன்று பிடிபட்டு, பந்தயத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். அணி தலைவரை இழந்தது. தலைமை தாங்க மிஞ்சியவர் 35 வயதான அகோஸ்தின்யோ. பாரிஸ் சென்று சேர்ந்தபோது, பிரான்சின் பெர்னார் இனோ முதலிடமும், நெதர்லாந்தின் யூப் சூட்டமெல்க் இரண்டாம் இடமும், அகோஸ்தின்யோ மூன்றாம் இடமும் பெற்றிருந்தார்கள். இனோ அவரை விடப் பதினொரு வயது இளையவர்.

அடுத்த ஆண்டு, 1979இல், அதே ஆல்ப் துயெஸ் மலை மீண்டும் வந்தது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். கொண்டையூசிபோல் வளையும் 21 திருப்பங்கள். 1952இல் இத்தாலியின் ஃபாவுஸ்தோ கோப்பி வென்றதோடு டூர் வரலாற்றில் இடம்பெற்ற மலை அது. 1976, 1977, 1978 ஆகிய மூன்று ஆண்டுகளும் அங்கே வெற்றி நெதர்லாந்துக்காரருக்கே சேர்ந்தமையால் அதனை டச்சுக்காரர் மலை என்றே அழைக்கத் தொடங்கியிருந்தனர். 1979 ஜூலை 15ஆம் நாள், அந்த மலையின் உச்சியைத் தனியே முதலில் அடைந்தவர் 36 வயதான போர்த்துக்கல் உழவர். இனோவும் சூட்டமெல்க்கும் பின்னே வந்தார்கள். டூரில் அவர் பெற்ற வெற்றிகளில் ஏடுகளில் நிலைத்தவை நான்கு. அவற்றுள் இதுவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்த ஆண்டும் பாரிஸில் முதலிடம் இனோவுக்கு. இரண்டாம் இடம் சூட்டமெல்க்குக்கு. மூன்றாம் இடம் அகோஸ்தின்யோவுக்கு. இனோவுக்கும் அவருக்கும் இடையே 26 நிமிடம் 53 விநாடி. எனவே மயிரிழையில் தவறிய வெற்றி என்று யாரும் சொல்ல முடியாது. அவர் மூன்றாவது ஆள்தான். 1980இல் ஐந்தாம் இடம். 1981இல் பாதியில் விலகினார். 1983இல், நாற்பது வயதில், மீண்டும் வந்து பதினோராம் இடம் பெற்றார். மொத்தம் பதின்மூன்று முறை டூரில் கலந்துகொண்டு, பன்னிரண்டு முறை பாரிஸ் வரை சென்று சேர்ந்தவர். ஆயினும் அந்தப் பந்தயத்தின் மஞ்சள் சட்டையை ஒரு நாளேனும் அவர் அணிந்ததில்லை. போர்த்துக்கீசியர் ஒருவர் அதனை முதன்முதலாக அணிந்தது 1989இல். அவர் அக்காசியோ த சில்வா.

1984இல் அகோஸ்தின்யோ தாம் தொடங்கிய ஸ்போர்ட்டிங் கழகத்துக்கே திரும்பி வந்திருந்தார். வயது 41. ஏப்ரல் 30ஆம் நாள், நாட்டின் தென்கோடியான அல்கார்வ் பகுதியைச் சுற்றிவரும் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அவர் முன்னணியில் இருந்தார். மஞ்சள் சட்டையும் அணிந்திருந்தார். குவார்த்தெய்ரா என்னும் கடற்கரையூரில் அன்றைய கட்டம் முடிய இருந்தது. எல்லைக்கோட்டுக்கு இன்னும் ஏறத்தாழ 300 மீட்டர். சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவர் விழுந்தார், தலை அடிபட்டது. அக்காலத்தில் வீரர்கள் தலைக்கவசம் அணிவது வழக்கமில்லை. கஜகஸ்தான் வீரர் ஒருவர் பந்தயத்தில் விழுந்து இறந்த பின், 2003இல்தான் உயர்நிலைப் பந்தயங்களில் அது கட்டாயமாயிற்று.

விழுந்தவர் எழுந்தார். வாழ்நாளெல்லாம் செய்ததையே அன்றும் செய்தார். தோழர்கள் இருபுறமும் தாங்க, எல்லைக்கோட்டைக் கடந்தார். முதலில் அது வழக்கமான ஒரு வீழ்ச்சி என்றே கருதினர். பிறகுதான் மண்டையோடு பிளந்திருப்பது தெரிந்தது. மூளை அறுவைக்கு அவரைச் சாலை வழியே லிஸ்பன் வரை கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பத்து நாள் நினைவின்றிக் கிடந்து, மே 10ஆம் நாள் உயிர் நீத்தார்.

மூன்று ஆண்டுகள், பதினொரு விநாடி, முந்நூறு மீட்டர். அவர் வாழ்வை நினைக்கும்போதெல்லாம் இந்த மூன்று அளவுகளே எனக்கு முன்னே வந்து நிற்கின்றன. போர் மூன்று ஆண்டுகளைக் கொண்டுபோகாதிருந்தால் அவர் டூரையே வென்றிருப்பார் என்று சொல்ல ஆசை எழும். அவ்வாறு சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்தப் போரில் கனத்த சைக்கிளை மிதிக்காதிருந்தால், அவர் தமது வலிமையை அறியாமலே வயலில் வாழ்ந்து முடித்திருக்கவும் கூடும். நடவாதவற்றை வரலாறு எடைபோடாது. நடந்ததை மட்டுமே அது எடைபோட முடியும். நடந்தது இதுதான்: ஓர் அரசு தன் பேரரசைக் காப்பதற்காக ஆயிரமாயிரம் உழவர் பிள்ளைகளின் இளமையை எடுத்துக்கொண்டது, அவர்களுள் ஒருவர், எஞ்சியிருந்த காலத்தில், பிறர் ஓய்வு பெறும் வயது வரை உழைத்து, உலகில் மூன்றாவது ஆளாக நின்றார். தொடங்கிய இடத்திலிருந்து அளந்தால் அந்த மூன்றாம் இடம் சிறியதன்று.

அவருக்குப் பின் ஜோசே அசெவேதோ 2004 டூரில் ஐந்தாம் இடம் பெற்றார். ருயி கோஸ்தா 2013இல் உலகப் பட்டத்தை வென்றார். ஜோவாவ் அல்மெய்தா 2023இல் இத்தாலியச் சுற்றில் மூன்றாம் இடமும், 2024 டூரில் நான்காம் இடமும் பெற்றார். இவர்கள் எல்லாரும் சிறுவயதிலேயே பயிற்சி பெற்றவர்கள். போருக்குச் செல்ல வேண்டியிராதவர்கள். முதல் வழியை வெட்டியவர் யார் என்பது அந்நாட்டார்க்குத் தெரியும். தோரஸ் வெத்ரஸில் அவர் பெயரால் ஒரு பந்தயம் நடத்தி வருகிறார்கள்.

ஆல்ப் துயெஸ் மலையின் திருப்பங்களுக்கு மேலிருந்து கீழாக எண்ணிட்டிருக்கிறார்கள். உச்சியில் இருப்பது ஒன்று. அடிவாரத்தில் இருப்பது இருபத்தொன்று. அவற்றுள் 14ஆம் திருப்பத்தில் அகோஸ்தின்யோவுக்கு ஒரு நினைவுச்சின்னம் அமைத்திருக்கிறார்கள். அந்த மலையில் வென்ற பலர் டூரையும் வென்றவர்கள். இவர் அந்தப் பந்தயத்தில் மூன்றாம் இடத்துக்கு மேல் ஏறாதவர். இருந்தும், மூச்சு வாங்க ஏறி வருகிறவர்கள் அந்தத் திருப்பத்தில் இவர் முகத்தைத்தான் காண்கிறார்கள்.

என் நண்பருக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. இன்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். முதலாவதாக வந்தவர் யார் என்று நாம் கேட்பதில் தவறில்லை. அதனோடு, எங்கிருந்து புறப்பட்டு வந்தார் என்றும் ஒருமுறை கேட்போமானால், நம் வகுப்பறைக் கரும்பலகைகளில் எழுதவேண்டிய பெயர்கள் இன்னும் பல இருப்பது தெரியவரும்.